விசைப்பலகை உறுப்புகளின் பெயர்கள்

‘விசை’ என்னுஞ் சொல் பௌதிகத்தில் தள்ளும் அல்லது இழுக்கும் வினையையும், விசைப்பலகையில் விரல் படும் உறுப்பையும் ஒருங்கே குறிக்கின்றது. ‘விசையை அழுத்தும் விசை’ என எழுத நேர்ந்தால் மாணவன் மயங்குவது இயல்பே. ஆதலின் ஒவ்வோர் உறுப்பிற்கும் தனிப்பெயர் வேண்டும்.

செர்ரி நிறுவனம் 1980-களில் வெளியிட்ட எம்.எக்ஸ். சுவிட்சை எடுத்துக்கொள்வோம். விரல் படும் மேற்பகுதியை ‘விசைமூடி’ என்னலாம். அதன் அடியிலுள்ள சிலுவை வடிவப் பள்ளம் ‘தண்டின்’ தலையிற் பொருந்தி நிற்கும். ‘மேற்கூடு’, ‘அடிக்கூடு’ இரண்டினுள்ளும் தண்டு மேலுங் கீழும் இயங்குகின்றது. அழுத்திய தண்டை மீள உயர்த்துவது ‘சுருள்வில்’.

மின்னோட்டத்தை இணைப்பது தண்டே எனப் பலர் எண்ணுவர். அது தவறு. ஓய்வு நிலையில் தண்டின் கால்கள் மெல்லிய ‘தொடுதகட்டை’ விலக்கிப் பிடித்திருக்கின்றன. தண்டு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தாழ்ந்ததும், தகடு தன் மீள்சக்தியால் எதிர்த்தகட்டைத் தொடுகின்றது. முழு இயக்கம் 4 மில்லிமீட்டர். எனவே அடிவரை அழுத்த வேண்டுவதில்லை. தண்டு நன்கு மீண்டும் எழுத்து விழாதிருப்பின், சுருள்வில்லை மாற்றுவதாற் பயனில்லை. தொடுதகட்டையே முதலில் நோக்கவேண்டும்.

நீல வகையில் தண்டு இரு துண்டுகளாயிருத்தலின் ‘டிக்’ என்னும் ஒலி எழும்; சிவப்பு வகையில் அவ்வொலி இல்லை. இந்நிறப் பெயர்கள் தண்டின் நிறம் பற்றியன. மூடியின் நிறம் பற்றியன அல்ல.