பழைய கார்களில் வெப்பநிலை காட்டியின் பழுதைக் கண்டறிதல்

வெப்பநிலை காட்டி என்பது இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்நீரின் சூட்டை ஓட்டுநருக்கு முள்ளால் காட்டும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது டெம்பரேச்சர் மீட்டர் எனப்படுகிறது. அம்பாசடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டாலும், கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் அவை இன்னும் ஓடுகின்றன. இங்கிருந்து மைசூர் செல்வோர் சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். அங்கே முள் சிவப்பைத் தொட்டால், "மீட்டர்தான் கோளாறு" என்று சொல்லி ஓட்டிக்கொண்டே போவது ஆபத்து. உண்மையிலேயே சூடேறியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போகும். சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும்.

பெரும்பாலான பழைய கார்களில் தெர்மோஸ்டாட் அருகே ஒற்றை வயருடன் ஒரு சென்சார் இருக்கும். அதனுள் உள்ள தெர்மிஸ்டர் சூடாகச் சூடாக மின்தடை குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் ஏறும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் ஓம் விதிதான் இது. சென்சாரின் உடலே இன்ஜின் வழியாக எர்த் ஆகிறது.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இரவு முழுதும் நின்ற காரில், காலையில் இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். முள் அப்போதே மேலே ஏறினால் பழுது மீட்டரிலோ வயரிலோ சென்சாரிலோதான். சென்சார் வயரைக் கழற்றியதும் முள் இறங்கினால் சென்சார் கெட்டது. இறங்காவிட்டால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது மீட்டர் பழுது.

முள் எழும்பவே இல்லையா? கழற்றிய வயரின் முனையை இன்ஜின் இரும்பில் சில நொடிகள் தொட வேண்டும். முள் மெல்ல ஏறத் தொடங்கினால் மீட்டரும் வயரும் நலம்; உடனே எடுத்துவிட வேண்டும், கடைசிவரை ஏற விட்டால் மீட்டர் கெடக்கூடும். இன்ஜின் கம்ப்யூட்டர் உள்ள புதிய கார்களில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது.

பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தவறாகக் காட்டினால் சென்சாரைக் குறை சொல்ல வேண்டாம். பல பழைய கார்களில் இரண்டு மீட்டருக்கும் ஒரே மின்னழுத்தச் சீராக்கி உண்டு. அதையும் டேஷ்போர்டு எர்த்தையும் பார்க்க வேண்டும்.

ஏமாற்றும் நிலைகள் இரண்டு. சூடு தணிய வேண்டுமென்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அந்த காரில் முள் தாழ்ந்தே நிற்கும். மீட்டர் சொல்வது உண்மைதான். மற்றது கொடியது: தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதே முள் கீழே இறங்கும். ஏறிய முள் திடீரென விழுந்தால் வண்டியை ஓரங்கட்டுவதே சரி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. அழுத்தத்தால் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும் நீர் முகத்தில் பீறிடும்.

புதிய சென்சாரை ஆறிய இன்ஜினில்தான் மாட்ட வேண்டும். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் எர்த் சரியாகக் கிடைக்காமல் முள் குறைத்துக் காட்டக்கூடும்.