வெறும் 49 ஓட்டு, ஒதுக்கப்பட்ட 203 கவர்: தபால் வாக்கு எப்படி எண்ணப்படுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

தூத்துக்குடியிலிருந்து கடற்கரையைப் பிடிச்சுத் தெற்கே போனா திருச்செந்தூர், மணப்பாடு, பெரியதாழை. அதைத் தாண்டினா உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை. பழைய முத்துக்குளித்துறைக் கரை இது. உவரியில மாவட்டம் திருநெல்வேலின்னு மாறிடும். சட்டமன்றத் தொகுதி ராதாபுரம். தபால் வாக்கு பத்தி யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்ற ஊர் இதுதான்.

2016 சட்டமன்றத் தேர்தல்ல இங்கே அதிமுகவின் இன்பதுரை வாங்கினது 69,590 ஓட்டு. திமுகவின் அப்பாவு வாங்கினது 69,541. வித்தியாசம் 49. ஆனா எண்ணிக்கை நாள்ல 203 தபால் வாக்குகள் செல்லாதுன்னு ஒதுக்கப்பட்டிருந்தது. அதாவது, ஜெயிச்ச வித்தியாசத்தை விட நாலு மடங்குக்கு மேல!

ஏன் ஒதுக்கினாங்கன்னு புரியணும்னா, அந்தக் கவரை முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்.

கவருக்குள்ள கவர்

தபால் வாக்குல உங்க கைக்கு நாலு விஷயம் வரும். வாக்குச்சீட்டு. அதைப் போட்டு ஒட்ட ஒரு சின்ன கவர், இதுக்குப் பேர் 13பி. ஒரு உறுதிமொழிப் படிவம், 13ஏ. ரெண்டையும் சேர்த்துப் போட ஒரு பெரிய கவர், 13சி. உறுதிமொழியில "இந்த வாக்காளர் நான்தான்"னு நீங்க கையெழுத்துப் போடணும். சீட்டோட வரிசை எண்ணை எழுதணும். அப்புறம், தகுதியுள்ள ஒரு அதிகாரி, உங்களை அடையாளம் தெரிஞ்சு, சான்றொப்பம் போடணும்.

எண்ணும்போது பெரிய கவரைத்தான் முதல்ல திறப்பாங்க. உறுதிமொழி இருக்கா, கையெழுத்து இருக்கா, சான்றொப்பம் சரியா, அதுல உள்ள எண்ணும் சின்ன கவர் மேல உள்ள எண்ணும் ஒண்ணா? ஒண்ணு இடிச்சாலும் சின்ன கவரைத் திறக்கவே மாட்டாங்க. எல்லாம் சரின்னா, உறுதிமொழிகளைத் தனியா ஒரு கட்டாக் கட்டி முத்திரை வெச்ச பிறகுதான் சின்ன கவர்களைத் திறக்கணும். உங்க பேரும் உங்க ஓட்டும் ஒரே மேசையில ஒண்ணாத் திறந்து கிடக்கக் கூடாதுங்கிறதுதான் காரணம். பழைய காலத்து யோசனை, ஆனா நல்லா யோசிச்சிருக்காங்க.

ராதாபுரத்துல சிக்கினது அந்தச் சான்றொப்பத்துல. தேர்தல் பணிக்குப் போன அரசு ஊழியர்கள்தான் வாக்காளர்கள். சான்றொப்பம் போட்டது நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவங்க கெஜட்டட் ஆபீசரா, இல்லையா? இல்லைன்னு முடிவு பண்ணி 203 கவரையும் ஓரமா வெச்சுட்டாங்க. ஓட்டுப் போட்டவர் யாருங்கிறதுல சிக்கல் இல்லை. சாட்சி சொன்னவரோட பதவியிலதான் சிக்கல்.

அப்பாவு வழக்குப் போட்டார். 2019 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம், தபால் வாக்குகளையும் இயந்திர வாக்குகளோட கடைசி மூணு சுற்றையும் மறுபடி எண்ணச் சொல்லிச்சு. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினாங்க. ஆனா முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுருச்சு. 2021ல அடுத்த தேர்தலே வந்துருச்சு. அதே தொகுதியில அப்பாவு ஜெயிச்சு சபாநாயகர் ஆனார். அந்த 203 கவர்ல யாருக்கு எத்தனை விழுந்ததுன்னு அந்த அஞ்சு வருஷமும் ஊருக்குத் தெரியலை.

வேற ஊர்ல என்ன பண்றாங்க?

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல 2000 அதிபர் தேர்தல்லேர்ந்து எல்லாருக்கும் தபால் ஓட்டுதான். சாட்சி வேண்டாம். கவர் மேல நீங்க போட்ட கையெழுத்தை, பதிவுல இருக்கிற கையெழுத்தோட ஒப்பிடுவாங்க. பொருந்தலையா, உங்களுக்குத் தகவல் வரும், சரிபண்ண அவகாசமும் உண்டு. நம்ம முறையில அந்த ரெண்டாவது வாய்ப்பு இல்லை. கவர் போனா போனதுதான். பாதுகாப்புன்னா கள்ள ஓட்டைத் தடுக்கிறது மட்டும் இல்லையே, நல்ல ஓட்டைக் காப்பாத்துறதும்தானே?

அந்தக் கணக்குல பார்த்தா இங்கேயும் சில நல்ல மாற்றம் வந்திருக்கு. இப்போ தேர்தல் பணியில இருக்கிறவங்க சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பயிற்சி நடக்கிற இடத்துல இருக்கிற வசதி மையத்துலயே போட்டுடணும். சான்றொப்பம் போட அதிகாரி அங்கேயே உட்கார்ந்திருப்பார். யார்கிட்ட கையெழுத்து வாங்குறதுன்னு அலையவே வேண்டாம்.

இன்னொண்ணு, செல்லாதுன்னு ஒதுக்கின தபால் வாக்குகளோட எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தை விட அதிகமா இருந்தா, முடிவு அறிவிக்கிறதுக்கு முன்னாடியே அத்தனையையும் மறுபடி சரிபார்க்கணும். 49-க்கு எதிரா 203. இந்த விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் வேணுமா? 2025 செப்டம்பர்ல தேர்தல் ஆணையம் இன்னொரு உத்தரவும் போட்டுச்சு: தபால் வாக்கு எண்ணி முடிச்ச பிறகுதான் இயந்திர எண்ணிக்கையில கடைசிக்கு முந்தைய சுற்றுக்குப் போகணும்.

உங்க ஆச்சிக்கு

2024 மக்களவைத் தேர்தல்ல 85 வயசு தாண்டினவங்களும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவங்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம்னு இருந்தது. 2021ல அந்த வயசு வரம்பு 80. பேர் தபால் வாக்குதான், ஆனா தபால்காரர் வரமாட்டார். தேர்தல் அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுக்கிறவர்னு ஒரு குழுவே முன்கூட்டிச் சொல்லிட்டு வீட்டுக்கு வரும். கட்சி முகவர்களும் கூட வரலாம். ஆச்சி சீட்டுல குறிக்கிறதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது, வீடியோவும் எடுக்கக் கூடாது. பெட்டி, கவர், சான்றொப்பம் எல்லாம் வாசல்லயே முடிஞ்சிரும். முதல் தடவை ஆள் இல்லைன்னா இன்னொரு தடவை வருவாங்க, அவ்வளவுதான்.

இதுக்குப் படிவம் 12டி கொடுக்கணும். தேர்தல் அறிவிக்கை வந்த அஞ்சு நாளுக்குள்ள. உங்க பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். கொடுத்து ஏத்துக்கிட்டாங்கன்னா பட்டியல்ல பேருக்கு நேரா குறி விழுந்திரும். "கடைசி நேரத்துல பேரன் கூட பைக்ல போய் பூத்துல போட்டுக்கிறேன்"னு ஆச்சி மனசு மாறினா முடியாது.

கடல்ல இருக்கிறவங்க?

இது நம்ம கரையோட கேள்வி. மீனவர்களுக்குத் தபால் வாக்கு கிடையாது. 2024ல வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல தொடங்குறதால விசைப்படகெல்லாம் கரையிலதான் நின்னது. 2021ல வாக்குப்பதிவு ஏப்ரல் 6, தடைக்காலத்துக்கு முன்னாடியே வந்துருச்சு. கடல்ல பல நாள் தங்கிப் பிடிக்கிறவங்க தொழிலை விட்டுட்டுத் திரும்பணும், இல்லைன்னா ஓட்டை விடணும்.

கப்பல்காரங்க நிலைமை இன்னும் விசித்திரம். கடற்படையில இருக்கிற மாலுமிக்கு வாக்குச்சீட்டு மின்னணு முறையில போகும். அவர் அதை இறக்கி, அச்செடுத்து, குறிச்சு, தபால்ல அனுப்பலாம். கவர்ல கியூஆர் குறியீடு இருக்கும், எண்ணும்போது ஸ்கேன் பண்ணிச் சரிபார்ப்பாங்க. அதே ஊர்க்காரர், அதே கடல், ஆனா வணிகக் கப்பல்ல வேலை. அவருக்கு இந்த வழி இல்லை. வாக்குப்பதிவு நாள்ல ஊர்ல இருந்தாத்தான் ஓட்டு.