எண்பது ரூபாயும் பதினெட்டாயிரமும்

நடுவண் அரசின் கடைநிலை ஊழியருக்கு 1959-இல் இரண்டாம் ஊதியக் குழு பரிந்துரைத்த மாத வருவாய் 80 ரூபாய். ஏழாம் ஊதியக் குழு அதே நிலைக்கு வரையறுத்து, 2016 முதல் நடைமுறைக்கு வந்த அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய். இரு தலைமுறைக்குள் 225 மடங்கு! இதில் விலையேற்றம் கவர்ந்துகொண்டது எவ்வளவு, குடும்பத்தின் கையில் எஞ்சியது எவ்வளவு?

தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் இதற்கு விடை தரும். உழைக்கும் குடும்பம் வாங்கும் அரிசி, துணி, விறகு, வாடகை முதலியவற்றை ஒரு தொகுதியாக்கி, அடிப்படை ஆண்டில் அதன் விலையை 100 எனக் கொண்டு, பின்வரும் மாற்றத்தை அது அளக்கிறது. வாழ்க்கை மாறத் தொகுதியும் பழையதாகிவிடும். ஆகவே 1960, 1982, 2001, 2016 என அடிப்படை ஆண்டுகள் புதுப்பிக்கப்பட்டன. பழைய வரிசையைப் புதியதோடு பிணைக்கும் காரணிகள் முறையே 4.93, 4.63, 2.88. மூன்றையும் பெருக்க ஏறத்தாழ 66 வரும். அன்றைய 80 ரூபாய்க்கு ஈடாக 2016-இல் ஏறத்தாழ 5,260 ரூபாய் போதும். பதினெட்டாயிரமோ அதனினும் 3.4 மடங்கு. 1982-ஆம் ஆண்டுத் தொகுதியில் 57 விழுக்காடாக இருந்த உணவின் பங்கு 2016-இல் 39 ஆகக் குறைந்திருப்பதும் இவ்வுயர்வுக்குச் சான்று. வருவாய் பெருகப் பெருக உணவுக்குச் செல்லும் பங்கு சுருங்கும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இலேயே கண்டறிந்தார்.

ஆயினும் அந்த 80 ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராயிருந்த அய்க்ராய்டு வகுத்த உணவளவின் அடிப்படையில், 1957-இல் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு தேவைக்கேற்ற ஊதியத்துக்கு இலக்கணம் கண்டது. உழைப்பவருக்கு 1, மனைவிக்கு 0.8, இரு குழந்தைகளுக்குத் தலைக்கு 0.6 என மூன்று நுகர்வு அலகுகள், அலகொன்றுக்கு நாளும் 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை தனியே, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு. நாட்டின் பொருளியல் தாங்காது என்று இரண்டாம் ஊதியக் குழு இதை ஏற்கவில்லை. 1960 சூலையில் நடுவண் அரசு ஊழியர் நடத்திய பொது வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று. கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்கு மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. ஏழாம் ஊதியக் குழு இவ்விலக்கணத்தைக் கையிலெடுத்தே பதினெட்டாயிரத்தை எட்டியது. ஆகவே 3.4 மடங்கு என்பதைச் செல்வப் பெருக்கமாகக் கொள்வது பிழை. பாட்டனுக்கு மறுக்கப்பட்ட தேவையைப் பேரனின் காலத்தில் அரசு கணக்கில் ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. குறியீட்டெண் வீட்டை வாடகையாகவே அளக்கும். மனை வாங்கக் கடன்பட்ட குடும்பத்தின் சுமை அதில் தெரியாது. அதனினும் பெரிய குறை, ஊதியம் பெறுவோரைப் பற்றியது. துப்புரவு, காவல் போன்ற கடைநிலைப் பணிகள் பலவும் இன்று ஒப்பந்தக்காரர் வழியே நடைபெறுகின்றன. அதே அலுவலகத்தைப் பெருக்கும் கைகளுக்கு ஊதியக் குழுவின் அட்டவணை பொருந்தாது. மேலே கண்ட 3.4 மடங்கும் அவர்களுடையதன்று. 2,700 கலோரியும் 72 கெஜமும் வாடகையும் கல்விச் செலவும் கொண்ட அதே கணக்கை அவர்கள் பெறும் கூலியோடும் பொருத்தி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.