சங்கு ஓய்ந்த பிறகும்

அன்று கோலார் தங்கவயலின் ஊரிகத்து வீடுகளுக்கு நேரம் சொன்னது சுரங்கத்துச் சங்கு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்ட வந்தது. அதன்பின் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் ஜனங்கள் லைன் வீடுகளில் குடியேறினார்கள். அப்பாவுக்கு எந்த ஷிப்டோ, அதன்படிதான் வீடே தூங்கும், விழிக்கும். அப்பா இறங்கிய குழியில் மகனும் இறங்கினான். அவன் சம்பளம் அம்மா கைக்குப் போனது. கல்யாணத்தைப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

அந்தக் கண்டிப்புக்கு அடியில் பயம் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கீழே பாறை வெடித்தால் மேலே அடுப்படிப் பாத்திரம் அதிரும். பெண்கள் குழி வாசலுக்கு ஓடுவார்கள். 'நேரத்துக்கு வந்துடு' என்றால் 'உயிரோடு வந்துடு' என்று பொருள்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். சங்கு ஓய்ந்தது, பயம் ஓயவில்லை.

இன்று பிள்ளைகள் இருட்டோடு எழுந்து வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு 31 வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து கண் அயர்வதற்குள் போன் அடிக்கும். "பங்காருப்பேட்டை தாண்டிட்டியாம்மா?" மாலையில், "எந்த வண்டி?" ஏ.டி.எம். கார்டு அப்பாவிடம். மாப்பிள்ளையும் அவர் பார்த்தவர்தான் என்றார்கள்.

அவள் சண்டை போடவில்லை. பங்காருப்பேட்டை வந்ததும் தானே ஒரு மெசேஜ் போட்டாள், போன் குறைந்தது. கார்டை வாங்கிக்கொண்டு, ஒன்றாம் தேதி வீட்டுச் செலவுக்குப் பணம் வைத்தாள். கல்யாணப் பேச்சில் மட்டும், "அது என் முடிவுப்பா" என்று அசையாமல் நின்றாள். வயது வந்தவர் துணையைத் தேர்ந்தெடுப்பது அவர் உரிமை என்று 2018இல் ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்பா இரண்டு மாதம் பேசவில்லை. அவள் தினமும் அவருக்குக் காபி வைத்துவிட்டே ரயிலேறினாள்.

பெற்றோரின் பயத்துக்குப் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். அதிகாரத்துக்குப் பணிய வேண்டியதில்லை. பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். குழிக்குள் இறங்கியவரை அன்று யாரும் போனில் கூப்பிட முடியாது. ஷிப்ட் முடிந்து மேலே வரும்வரை வீடு அவரை நம்பிக் காத்திருந்தது. அந்த நம்பிக்கையில் கொஞ்சம், ரயிலேறிப் போகும் பிள்ளைக்கும் கொடுங்கள்.