மலை இறங்கும் சரக்குக்கு எந்த ஆங்கிலம் வேண்டும்?

கொடைக்கானலுக்கு ஏறிவரும் வண்டிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சீசன் நெரிசல், பார்க்கிங் தொல்லை, ரூம் வாடகை... இறங்கிப் போகும் வண்டிகள் யார் கண்ணிலும் படுவதில்லை. மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி பக்கமிருந்து கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்து காபியும் மலை வாழையும். பழனி மலையின் பாதிப் பிழைப்பு இந்த இறங்கும் வண்டிகளில்தான் இருக்கிறது.

மூட்டை ஏற்றுபவர், வண்டி ஓட்டுபவர், எடை போடுபவர், மண்டிக்காரர் என எல்லோருக்கும் தமிழே போதும். ஆனால், அதே சரக்கு மாநிலம் தாண்டியோ, தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கடல் தாண்டியோ போகும்போது கூடவே சில காகிதங்களும் போகின்றன. அந்தக் காகிதங்களின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம்.

கொடைக்கானலில்தான் 1984-ல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அதன் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும் பங்கு உண்டு. பூண்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தாயிற்று. அந்தப் பெயரோடு பூண்டைப் பத்திரமாக ஊர் சேர்க்கவும் படித்த ஆட்கள் வேண்டுமே!

இன்று தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் லாஜிஸ்டிக்ஸ் ஒரு பட்டப்படிப்பு. குடோன், துறைமுகம், கூரியர், ஆன்லைன் விற்பனை என்று வேலைகளும் இருக்கின்றன. ஆனாலும், "எனக்கு இங்கிலீஷ் வராதுக்கா" என்று இன்டர்வியூவுக்கே போகாமல் நின்றுவிடும் பெண்கள் உண்டு. டி.வி-யில் கேட்கும் சரளமான ஆங்கிலம்தான் வேலைக்கும் வேண்டும் என்ற பயம்தான் காரணம். சரக்குப் போக்குவரத்துக்கான ஆங்கிலம் அப்படிப்பட்டதே இல்லை. அதில் சொற்கள் குறைவு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள்தான்.

காட் ரோடு சொல்லும் பாடம்

மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் ஒதுங்க இடமில்லாவிட்டால், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது சட்டத்திலும் இருக்கிறது. மலையில் வண்டி ஓட்டுபவருக்கு இது பழக்கத்திலேயே வந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் ஒரு ஹார்ன் அடித்தால் எதிரில் வருபவருக்குப் புரிகிறது. அங்கே யாரும் அழகாகப் பேசுவதில்லை. எல்லோரும் ஒன்றையே புரிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். தொழில்சார் ஆங்கிலமும் அந்த ஹார்ன் மாதிரிதான்.

அது தவறிப்போனால் என்ன ஆகும் என்பதை உலகம் 1977-ல் பார்த்தது. அந்த ஆண்டு மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில், பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தார்கள். காரணங்களில் ஒன்று, ஒரு வாக்கியம். துணை விமானி சொன்னதை 'புறப்படும் இடத்தில் நிற்கிறோம்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அதற்கான அனுமதி தரும்போதோ, ரத்து செய்யும்போதோ மட்டுமே சொல்ல வேண்டும் என்று விதி இறுகியது.

கப்பல்களுக்கும் அப்படி ஒரு சொல்தொகுப்பு உண்டு. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் அதை ஏற்றுக்கொண்டது. 'வரலாம்', 'முடியலாம்' என இரண்டுபட நிற்கும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது அது. எண்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். 'ஃபிஃப்டீன்' என்பது 'ஃபிஃப்டி' என்று காதில் விழுந்துவிடக் கூடாது என்பதால், 'ஒன் ஃபைவ்'.

சொல் மாறினால் பணம் மாறும்

சரக்கு உலகில் சில ஆங்கிலச் சொற்கள் நேராகப் பர்ஸைத் தொடும்.

* எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்.: முதலாவதில், சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரைக்கும்தான் விற்பவர் செலவு. இரண்டாவதில், போய்ச் சேரும் துறைமுகம் வரை கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் விற்பவர் தலையில். இந்த மூன்றெழுத்துச் சொற்களை 1936-ல் முதன்முதலாகத் தொகுத்தது சர்வதேச வர்த்தக சபை. 2020 பதிப்பில் மொத்தமே 11 சொற்கள்தான்.

* டெமரேஜ், டிடென்ஷன்: இலவச நாள்கள் முடிந்தும் கன்டெய்னர் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் முதல் கட்டணம். வெளியே எடுத்துப்போன கன்டெய்னரைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் இரண்டாவது.

* கிராஸ், டேர், நெட்: எடைமேடைச் சீட்டில் வரும் மூன்று சொற்கள். லோடோடு வண்டியின் எடை, காலி வண்டியின் எடை, சரக்கின் எடை.

* இன்ஃப்ளேமபிள்: முன்னால் 'இன்' இருப்பதால் 'தீப்பிடிக்காதது' என்று நினைத்துவிட்டால் ஆபத்து. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்குமே 'எளிதில் தீப்பிடிப்பது' என்றுதான் பொருள்.

எண்களும் இந்த மொழியில் சேர்த்திதான். பச்சைப் பூண்டுக்கு உலகம் முழுக்க சுங்கத்துறையில் ஒரே எண்: 0703 20. பூண்டை அந்தந்த ஊரில் என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் இந்த எண் மாறாது.

வண்டி நடுவழியில் நின்றால்?

கொடைக்கானலிலிருந்து கேரட் ஏற்றிப்போனால் இ-வே பில் தேவையில்லை. பச்சைக் காய்கறிக்கு விலக்கு உண்டு. அதே மலையில் விளைந்த காபியை வறுத்து அரைத்துத் தூளாக்கி, 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்காகக் கேரளாவுக்கு அனுப்பினால் இ-வே பில் வேண்டும். சாதாரண சரக்கு வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் காலக்கெடு.

பெருமாள்மலை அருகே வண்டி பழுதாகி, சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், அந்த பில்லின் 'பார்ட் பி' பகுதியில் புதிய வண்டி எண்ணைப் பதிய வேண்டும். கெடு முடிகிறது என்றால், அதற்கு முன்பும் பின்பும் 8 மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டால் வழியில் மடக்கும்போது அபராதம்.

அந்த நேரத்தில் ஆபீஸில் இருக்கும் பெண்ணுக்குத் தேவைப்படுவது இரண்டு திறமைகள். ஒன்று, வண்டி எண்ணைப் போனில் பிழையில்லாமல் வாங்குவது. மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும். திண்டுக்கல் பதிவு வண்டி என்றால் 'டி.என். 57' வரை சிக்கலில்லை. அடுத்து வரும் எழுத்து பி-யா, டி-யா? இதற்குத்தான் 'பிராவோ', 'டெல்டா' என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 26 சொற்கள், ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

இன்னொன்று, வாடிக்கையாளருக்கு மூன்று வரித் தகவல் அனுப்புவது. 'லாரி பிரேக்டவுன் அட் பெருமாள்மலை. அனதர் லாரி அரைவ்ஸ் அட் 1600. நியூ டெலிவரி டைம் 2200.' என்ன நடந்தது, என்ன செய்கிறோம், சரக்கு எப்போது வரும்? மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது. இதில் இலக்கண அழகு எதுவுமில்லை. ஆனால், மறுமுனையில் இருப்பவர் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கலாம்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், கல்லூரிக்குள்ளேயே வேலைக்கான பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது. அதோடு ஒவ்வொரு ஆங்கில வகுப்பிலும் சில எளிய பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

லாரி ரசீது, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எடைச்சீட்டு ஆகிய நான்கையும் பாடப்புத்தகம் போல வைத்துப் படிக்கலாம். இரண்டு மாணவிகள் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு, போனில் பேசுவதுபோல வண்டி எண்ணையும் எடையையும் சொல்லி, எழுதிச் சரிபார்க்கலாம். கேட்டதைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்தும் பழக்கமும் அப்போதே வந்துவிடும். தேதியை எண்ணில் மட்டும் எழுதாமல் மாதத்தின் பெயரோடு எழுதிப் பழகலாம். ஏனென்றால், 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. அழுகும் சரக்குக்கு அந்த ஒரு மாதம் என்னவாகும்!

மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு முன்தொடக்கமும் உண்டு. எந்த மூட்டை அடியில் போக வேண்டும், மழையில் தார்ப்பாயை எப்படிக் கட்ட வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பினால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்த சங்கதிகள். தொழில் பாதி தெரிந்திருக்கிறது. அதற்கான ஆங்கிலப் பெயர்களைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை வீட்டுக்கு லாரி ரசீதோ எடைச்சீட்டோ வந்தால், மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் முன் கல்லூரி போகும் மகளிடம் ஒரு நிமிடம் கொடுங்கள். அவளுக்குப் புரியாத சொற்களை அப்பா தமிழில் விளக்குவார். அப்பாவுக்குப் புரியாத ஆங்கிலத்தை அவள் படித்துக் காட்டுவாள். ஒரு சீட்டில் பத்துச் சொற்கள் இருந்தாலே, ஒரு வகுப்பு முடிந்த கணக்கு.