மலையேறப் போறீங்களா?

பரீட்சை முடிஞ்சதும் மலையேறலாம்னு வகுப்பிலே ஒரே பேச்சு. நண்பர்களே, முதலில் மாதத்தைப் பாருங்க! 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் இறந்தார்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏன்னா அதன் அனலே மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். அந்த வேகத்துக்கு நம்மால் மேட்டில் ஓட முடியுமா? அதனால்தான் தீ பிடிக்கும் காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுகிறது. மற்ற நாளிலும் அனுமதி வாங்கணும். அப்போதான் உள்ளே எத்தனை பேர், எந்தப் பாதையில் என்று அவர்களுக்குத் தெரியும்.

நம்ம திருக்கழுக்குன்றத்தில் தீ பயமில்லை. 500க்கும் மேற்பட்ட படிகள்தான். ஆனா வெறுங்காலில் உச்சிவெயில் பாறை, அப்பப்பா! நானும் தங்கையும் காலையிலேயே ஏறிடுவோம். ஆளுக்கொரு தண்ணி பாட்டில். காலி பாட்டிலும் எங்களோடயே இறங்கிடும்.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி