நாய்க்குட்டிகளின் கொள்ளைநோய்

உலகில் வழங்கும் நோய்களுள் பெரும்பாலானவற்றின் வயதை நாம் அறியோம். பெரியம்மை எப்பொழுது தோன்றியது, வெறிநாய்க்கடி நோய் முதன்முதல் எந்நாட்டில் கண்டது என்று வினவினால், உறுதியாக விடை கூறுவார் இலர். ஆயின், நாய்க்குட்டிகளைக் கொல்லும் கொடிய நோய் ஒன்றின் பிறப்பை மட்டும் அறிவியலறிஞர்கள் ஏறக்குறையக் கணித்துச் சொல்லியிருக்கின்றனர். பார்வோ என்பது அதன் பெயர். நம் பாட்டன்மார் தம் இளமையில் வளர்த்த நாய்கள் அந்நோயை அறியா.

1978ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா முதலிய பல கண்டங்களிலும் நாய்கள் வாந்தியாலும் குருதிக் கழிச்சலாலும் கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கின. குட்டிகளே மிகுதியாக இறந்தன. கண்டு தேர்ந்த கால்நடை மருத்துவர்களும் இஃது இன்ன நோய் என்று அறியாது திகைத்தனர். நோயுற்ற நாய்களின் மலத்தை மின்னணு நுண்பெருக்கியின் வழியே நோக்கியபொழுது, மிக நுண்ணிய உருண்டை வடிவான வைரசு ஒன்று புலனாயிற்று. 'பார்வசு' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் 'சிறியது' என்பது பொருள். அப்பெயர் இதற்கு முற்றும் பொருந்தும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தை நிரப்ப வேண்டுமாயின், இவ்வைரசுகளுள் ஏறத்தாழ 40,000ஐ வரிசையாக வைத்தல் வேண்டும்.

இவ்வைரசு எங்கிருந்து வந்தது? பூனைகளுக்கு இதனை ஒத்த நோய் ஒன்று நெடுங்காலமாக உண்டு. அந்நோயின் வைரசோ, அதற்கு மிக நெருங்கிய மற்றொன்றோ தன் மேலுறையில் இரண்டொரு சிறு மாற்றங்களை அடைந்தது. அம்மாற்றங்களால் நாயின் உயிரணுக்களையும் பற்றிக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. காலத்தைக் கணித்த முறையும் அறியத்தக்கது. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் சிலவற்றில், வேறு ஆய்வுகளுக்காக எடுத்த நாய்களின் குருதிநீரைப் பல ஆண்டுகளாகக் குளிரில் உறையவைத்துச் சேமித்திருந்தனர். அவற்றை மீண்டும் எடுத்துச் சோதித்தனர். 1970க்குப் பிந்திய ஆண்டுகளின் நடுப்பகுதியைச் சேர்ந்த குருதிநீரில் இந்நோயின் அடையாளம் இருந்தது. அதற்கு முற்பட்டவற்றில் இல்லை. எதற்கோ சேமித்தது எதற்கோ உதவிற்று.

புதிய நோய்க்கு எல்லையும் காவலும் ஏது? இரண்டே ஆண்டுகளில் அஃது உலகைச் சுற்றி வந்தது. சென்னை வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்து வருகிறது. இந்தியாவில் இந்நோய் கண்டதைப் பற்றிய முதல் அறிக்கைகளுள் சில, 1981, 1982ஆம் ஆண்டுகளில் அந்நகரிலிருந்தே வெளிவந்தன. அன்று தொட்டு, ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் ஊரில், ஏதேனும் ஒரு தெருவில் அது தலைகாட்டாமல் இருந்ததில்லை.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்துத் தண்டலம் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து ஒரகடம் வரை நோக்கினால், ஏரிகளும் நெல்வயல்களும் இருந்த நிலப்பரப்பில் இன்று கார்களும் கண்ணாடியும் மின்னணுக் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிரம்பியிருக்கின்றன. தொழிற்சாலை வந்தால் தொழிலாளர் வருவர். தொழிலாளர் வந்தால் தேநீர்க்கடையும் உணவுக்கடையும் இறைச்சிக்கடையும் தோன்றும். எச்சிலிலை விழும் இடத்திற்கு நாய் தானே வந்து சேரும். நம் நாட்டுத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்திற்குப் பின்னும் பனிக்காலத்திலும் ஈனும். மதிலோரத்திலும் கட்டி முடியாத வீடுகளிலும் ஒரே பருவத்தில் பல குட்டிகள் பிறந்து, ஒன்றோடொன்று கலந்து விளையாடும். இத்தகைய ஊர்களே பார்வோ நோய்க்கு ஏற்ற நிலம்.

நோய் வரும் வகை இது. முதல் நாள் குட்டி சோர்ந்து ஒரு மூலையில் படுக்கும்; உணவை முகர்ந்து பார்த்து விலகும். அடுத்து வாந்தி எடுக்கும். பின்னர்க் குருதி கலந்த, பொறுக்கவொண்ணாத நாற்றமுடைய கழிச்சல் உண்டாகும். விரைந்து வளரும் உயிரணுக்களையே இவ்வைரசு தேடிச் சென்று அழிக்கும். குடலின் உட்சுவரில் பழைய அணுக்கள் உதிர உதிரப் புதியவை தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வூற்று அடைபடுகிறது. எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் பிறப்பதும் நின்றுபோகிறது. உடலின் நீர் முழுவதும் வெளியேறுவதால், இரண்டு மூன்று நாட்களுக்குள் குட்டி இறந்துவிடும். மருத்துவம் செய்யாவிடில் 10 குட்டிகளுள் 9 இறத்தலும் உண்டு. நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றி, வாந்தியை அடக்கி, உடன்வரும் பிற கிருமிகளுக்கு மருந்து கொடுத்துப் பேணினால், பெரும்பாலான குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை என்பதையும் ஈண்டுக் கூறிவிடுதல் நன்று. அஞ்சி ஒதுங்கிக் குட்டியைக் கைவிடுவோர் பலர்.

'தடுப்பூசி போட்டேன், ஆயினும் குட்டி இறந்துவிட்டது. ஊசியில் சத்து இல்லை,' என்று சிலர் கூறக் கேட்கிறோம். அக்கூற்றை எளிதில் தள்ளிவிடலாகாது. அதற்குரிய காரணத்தை ஆராய்ந்தால், உடலின் வியப்பான செயல் ஒன்று விளங்கும்.

ஈன்ற தாய் முதலில் சுரக்கும் பாலைச் சீம்பால் என்கிறோம். தாய்நாய் முன்பு இந்நோய் கண்டு பிழைத்ததாகவோ, தடுப்பூசி பெற்றதாகவோ இருப்பின், அதன் குருதியில் உள்ள எதிர்ப்பொருள்கள் சீம்பாலின் வழியே குட்டிக்குச் செல்லும். குட்டியின் குடல் அவற்றை உள்ளேற்கும் காலம் ஏறக்குறைய ஒரு நாளே. அதன்பின் அவ்வழி அடைபட்டுவிடும். கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு வரும்? தாய் தந்த எதிர்ப்பொருள் 10 நாளைக்கு ஒரு முறை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பிறந்த அன்று 80 பங்கு இருந்தால், பத்தாம் நாள் 40, இருபதாம் நாள் 20, முப்பதாம் நாள் 10 என்று தேய்ந்துகொண்டே போகும்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. தடுப்பூசியில் உள்ளது வலிமை குன்றிய வைரசு. தாய் தந்த எதிர்ப்பொருள் அதனைப் பகையென்றே கருதி அழித்துவிடும். அழிந்த வைரசிடமிருந்து குட்டியின் உடல் எதனைக் கற்றுக்கொள்ளும்? தெருவில் உள்ள வைரசோ வலிமை மிக்கது. எனவே, ஒவ்வொரு குட்டியின் வாழ்விலும் சில நாட்கள் வருகின்றன. அந்நாட்களில் அதன் உடலில் எஞ்சியிருக்கும் எதிர்ப்பொருள், தெருநோயைத் தடுக்கப் போதாது. தடுப்பூசியைக் கெடுக்க மட்டும் போதும். இடைப்பட்ட அக்காலம் எப்பொழுது வரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஒரே ஈற்றில் பிறந்தவற்றுள்ளும், மிகுதியாகப் பால் குடித்ததற்கு ஒரு நாள், தள்ளுண்டு நின்றதற்கு ஒரு நாள். இதனை முன்கூட்டி அறியும் எளிய வழி இல்லாமையால், மருத்துவர்கள் ஆறு முதல் எட்டாம் வாரத்தில் முதல் ஊசியைப் போட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, பதினாறாம் வாரம் வரையில் திரும்பத் திரும்பப் போடுகின்றனர். அவற்றுள் எது பயன்தந்தது என்பது யாருக்கும் தெரியாது. முதல் ஊசியோடு நிறுத்திக்கொண்டவரின் குட்டி இறந்ததாயின், அவர் கூறியது ஒருவகையில் உண்மையே. அந்த ஊசி பயன்படவில்லை.

மற்றொரு தொல்லை மண்ணில் இருக்கிறது. நோயுற்ற நாயின் ஒரு கிராம் மலத்தில் பல கோடி வைரசுகள் உள. நோயின் குறிகள் தோன்றுமுன்னரே அவை வெளிப்படத் தொடங்கும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்காக உயிர்ப்போடு கிடக்கும். செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கும் அடுத்த ஊருக்கும் செல்லும். நாயின் காலே படாத மாடிவீட்டுக் குட்டிக்கும் நோய் வருவது இவ்வாறுதான். சவர்க்காரத்தாலும் வழக்கமான பினாயிலாலும் இது சாவதில்லை. குளோரின் கலந்த வெளுப்புத்தூள் நீருக்கே அடங்கும். அதுவும் தரையை முன்னரே கழுவித் துப்புரவாக்கி, நீரைச் சிறிது நேரம் தேங்கவிட்டால்தான் பயன் தரும்.

நாய்களுக்குரிய மற்றொரு கொள்ளைநோயான டிஸ்டெம்பர் இதனினும் பழையது. அதனைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். சளியும் காய்ச்சலுமாகத் தொடங்கி, நரம்பைத் தாக்கி, வலிப்பில் முடியும் நோய் அது. அது நாயோடு நிற்பதில்லை. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் 1994இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்கள் அதனால் மறைந்தன. 2018இல் நம் நாட்டுக் கீர்க் காட்டிலும் 20க்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றுட் சிலவற்றின் உடலில் அவ்வைரசு காணப்பட்டது. சிற்றூர் நாயின் தும்மல் காட்டரசனையும் எட்டிவிடுகிறது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் வேண்டும் என்கின்றன. மனித உயிரைக் காப்பது முதற்கடமை ஆதலின், அது முறையே. ஆயின், பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் தெருவில் ஊசி போடுவார் பெரும்பாலும் இலர். அந்நாய்களின் காப்பு எங்கிருந்து வருகிறது? மகாராட்டிர மாநிலத்துச் சிற்றூர்ப் பகுதி ஒன்றில், கட்டின்றித் திரியும் நாய்களின் குருதியை ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் பார்வோவை வென்ற அடையாளம் இருந்தது. தண்டலத்துத் தேநீர்க்கடை வாயிலில் படுத்திருக்கும் முதிர்ந்த நாயும், பெரும்பாலும், உடன்பிறந்தவற்றை இழந்து தான் மட்டும் பிழைத்ததாகவே இருக்கும். அது பெண்ணாயின், பனிக்காலத்தில் ஈனும்பொழுது, அன்று பெற்ற எதிர்ப்பொருள் அதன் சீம்பாலில் இறங்கும். குட்டிகளுக்குச் சில வாரங்கள் காப்பாக நிற்கும்.